ஊர் சுற்றிக் காட்டப் போன பையன்

சென்னையிலிருந்து வகுப்புத் தோழன் ஒருவன் இரண்டு நாள் லீவுக்கு ராஜபாளையம் வந்திருந்தான். ஊர்க்காரப் பையனுக்கு ஒரே குஷி. "இன்னிக்கு ஒரே நாள்ல எல்லாத்தையும் காட்டிடறேன்டா" என்று காலையிலேயே அவனை பஸ் ஏற்றிவிட்டான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும்.

ஊருக்குள் நுழையும் முன்பே கோபுரம் தெரிந்தது. 11 நிலைகள், 190 அடிக்கு மேல் உயரம்.

"நம்ம அரசு முத்திரையில இருக்கிறது இதுதான், தெரியுமா?"

"அது மதுரைக் கோபுரம்னு படிச்சேனே?"

விவாதம் சூடாகிவிட்டது. 1949-ல் முத்திரையை வரைந்தவர் ஓவியர் கிருஷ்ணா ராவ். மதுரை மேற்குக் கோபுரத்தைப் பார்த்துத்தான் வரைந்தார் என்று ஒரு கட்சி உண்டு. அதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு முழுசாகத் திரும்ப முடியாது!

கோயிலுக்குள் பையன் ஒரு கைடாகவே மாறிவிட்டான். பெரியாழ்வார் ஆண்டாளைக் கண்டெடுத்த நந்தவனம், மாலையைச் சூடிக்கொண்டு அவள் அழகு பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு, தினமும் இலையாலும் பூவாலும் புதிதாகச் செய்து அவள் கையில் வைக்கும் கிளி என்று ஒன்றையும் விடவில்லை. புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு இங்கிருந்து திருப்பதிக்கு மாலை போவதையும் சொன்னான். வெளியே வந்து சூடாகப் பால்கோவா வாங்கிச் சாப்பிட்டார்கள். 2019-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொல்லி முடித்தான்.

சாயங்காலம் ராஜபாளையம் திரும்பி நடந்து வரும்போது நண்பன் ஒரு பெரிய கட்டடத்தைக் காட்டினான். "காந்தி கலை மன்றம்னு போட்டிருக்கே, இது என்னடா?"

"அதுவா... ஏதோ கூட்டம், கச்சேரி நடக்கும்."

பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பார்த்த கட்டடம். அதற்கு மேல் ஒரு வரி சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாட்டிதான் சொன்னார். "அது குமாரசாமி ராஜா குடியிருந்த வீடுப்பா. முதல் மந்திரியா இருந்தவரு. ஊருக்குன்னு கொடுத்துட்டாரு."

பி.எஸ்.குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். கோபுர முத்திரை வந்த அதே 1949! 1952 தேர்தலில் தோற்றார். பிறகு ஒரிசாவின் கவர்னரானார். 1957-ல் காலமானார். பதவியில் இருந்தவர்கள் வீடு கட்டிய கதை நிறைய உண்டு. இவர் இருந்த வீட்டையே கலைகளுக்காகக் கொடுத்துவிட்டார்.

பையனுக்கு வெட்கமாகிவிட்டது. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோபுரத்தின் நிலைகளை எண்ணிச் சொல்லத் தெரிந்தது, நடக்கிற தூரத்தில் இருக்கும் வீட்டின் கதை தெரியவில்லை. பாட்டி சொல்லியிருக்காவிட்டால் அது அவனுக்குக் கடைசிவரை கூட்டம் நடக்கிற இடம்தான்.

மறுநாள் பஸ் ஏறும் முன் இரண்டு பேரும் அந்த வாசலுக்குப் போனார்கள். நண்பன் போட்டோ எடுத்தான். பையன் பெயர்ப் பலகையை முதல் தடவையாக நின்று படித்தான்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.