பலம் வேறு, சுகம் வேறு

சென்ற மாதம் எமது பெண்கள் குழுவைச் சேர்ந்த பதினான்கு பேருடன் வல்வெட்டித்துறைக்குப் போய்வந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து உரும்பிராய், அச்சுவேலி வழியாகப் பயணம். இருபுறமும் செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் மரவள்ளியும் வாழையும். தொண்டைமானாற்றை நெருங்கியதும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. செல்வச்சந்நிதி முருகனைக் கும்பிட்டு, அன்னதானமும் சாப்பிட்டுவிட்டு வல்வெட்டித்துறைக் கடற்கரையை அடைந்தோம்.

இந்தக் கடலுக்கு ஒரு பெருமை உண்டு. 1954ஆம் ஆண்டு தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறையின் மைந்தன் குமார் ஆனந்தன் இந்தியக் கரைக்கு நீந்திச் சென்று திரும்பியும் வந்தார். எடுத்த நேரம் 51 மணித்தியாலங்கள். 'ஆழிக்குமரன்' என்று மக்கள் போற்றிய அவர், 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர்நீத்தார்.

இதை நான் சொன்னதும் குழுவிலிருந்த ஓர் அக்கா சிரித்தார். "நானும் அவரைப் போலத்தான் தங்கச்சி. விடிய நாலு மணிக்குத் தொடங்கினால் இரவு பத்து மணி மட்டும் ஓட்டந்தான். எனக்கொரு வருத்தமும் இல்லை."

யுத்தத்தில் கணவரை இழந்தவர் அவர். களை பிடுங்குவார், வெங்காயம் நடுவார், சைக்கிளில் கலன் கட்டித் தண்ணீர் கொண்டுவருவார். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் தோட்டத்தில் தலைசுற்றி விழுந்தார். பரிசோதித்தபோது இரத்தச்சோகை என்று தெரிந்தது. பல வருடங்களாக அவருக்கு ஒழுங்கான நித்திரையும் இல்லை.

எம்முடன் வந்த இன்னொரு சகோதரி மிதிவெடியில் ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலுடன் மணலில் நடக்கச் சிரமப்பட்டார். ஆனால் வேளைக்குச் சாப்பிடுகிறார்; நித்திரை கொள்கிறார்; மனம் பாரமானால் அயலவரிடம் சொல்லி அழுகிறார். இருவரில் யார் சுகமாக இருக்கிறார்?

எமது பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் 'உடற்றகைமை' என்றொரு சொல் உண்டு. உடல் எவ்வளவு வேலையைத் தாங்கும் என்பதை அது சொல்லும். சுகம் அதைவிட விரிவானது. நோயில்லாதிருப்பது மட்டும் சுகமல்ல, உடல், உளம், சமூக வாழ்வு மூன்றும் நன்றாக இருப்பதே சுகம் என்று உலக சுகாதார நிறுவனம் 1948 முதல் கூறிவருகிறது.

நெடுந்தூரம் நீந்துபவருடன் ஒரு படகு கூடவே போகும். அதிலிருப்பவர்கள் அவருக்கு உணவு கொடுப்பார்கள், களைப்பைக் கவனிப்பார்கள். எம்மில் பலர் துணைப்படகு இல்லாமலேயே நீந்திக்கொண்டிருக்கிறோம். விழாமல் வேலை செய்வதால் "எனக்கென்ன குறை" என்று எண்ணிவிடுகிறோம்.

சகோதரிகளே, அடிக்கடி களைப்போ தலைச்சுற்றோ வந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், இரத்தத்தைப் பரிசோதியுங்கள். முருங்கையிலை, கீரை வகைகளைத் தேசிக்காய்ப்புளி விட்டுச் சாப்பிடுங்கள். சாப்பாட்டுடன் தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். தேநீரைப் பிறகு குடியுங்கள். நித்திரை வராமல் மனம் அலைந்தால் அதையும் வைத்தியரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். அது பைத்தியமல்ல, பட்ட காயத்தின் வலி.

திரும்பும்போது அந்த அக்கா பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். அடுத்த கிழமை கிளினிக்குக்கு அவருடன் நானும் போகிறேன். உங்கள் அயலிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவருடன் நீங்கள் போங்கள்.