முள் குத்தாத கால்

என் மச்சினன் பல்லடத்தில் கூலிக்குக் காடா துணி நெய்கிறவன். பாவு நூல் வராமல் தறி நின்றிருந்த ஒரு வாரத்தில், கோவையில் ரயிலேறி என்னோடு திருவனந்தபுரம் வந்தான். அவனுக்குப் பத்மநாபசாமி, எனக்கு ரவி வர்மாவின் சகுந்தலை என்று பேச்சு. கோயிலைக் காலையிலேயே முடித்துவிட்டோம்.

நேப்பியர் மியூசியம் இருக்கிற வளாகத்தில்தான் 1935இல் தொடங்கிய ஸ்ரீசித்ரா ஓவியக்கூடமும் இருக்கிறது. ரவி வர்மாவுக்கென்றே தனிக்கூடம் ஒன்றை 2023இல் அங்கே திறந்தார்கள். காலண்டரிலும் பாடப்புத்தகத்திலும் எல்லோரும் பார்த்துப் பழகிய படம்தான்: தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் பின்னால் தூக்கி, முள்ளை எடுக்கிற சாக்கில் சகுந்தலை திரும்பிப் பார்க்கிறாள். முள்ளே குத்தவில்லை என்பது காளிதாசன் நாடகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். அங்கே தர்ப்பை நுனி குத்தியதாகச் சாக்குச் சொல்லி நிற்பாள். அவள் பார்க்கிற துஷ்யந்தன் படத்தில் இல்லை.

மச்சினன் கிட்டப் போய்ச் சேலை மடிப்பைப் பார்த்தான். "மரவுரி கட்டுன பொண்ணுன்னீங்க. நாருல நெஞ்சா இப்படி விழுவுமாங்க மாமா? இது நூறாம் நம்பர் நூலாட்ட இருக்குதுங்க."

அவன் சொன்னது சரி. நாடகத்தின் முதல் அங்கத்தில், மரவுரியைப் பிரியம்வதை இறுக்கிக் கட்டிவிட்டாள் என்று சகுந்தலை முறையிடுகிறாள். ரவி வர்மா அந்த முரட்டு நாரைக் கழற்றிவிட்டு நல்ல சேலையைச் சுற்றினார். ஆசிரமத்துப் பெண் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த வீட்டுப் பெண்ணானாள். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தில் முதலில் அச்சான படம் சகுந்தலையின் பிறப்பு என்பார்கள். அந்த அச்சகத்துப் படங்கள் வழியாகத்தான் புராணப் பெண்கள் சேலை கட்டி நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அவர் பெயரை முன்பே பரப்பியது இன்னொரு சகுந்தலை. குப்புறப் படுத்துத் தாமரை இலையில் காதல் கடிதம் எழுதும் அந்தப் படத்தை 1876இல் சென்னைக் கண்காட்சியில் வைத்தார். கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபு வாங்கிக்கொண்டார். மோனியர் வில்லியம்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கும் அதுவே முகப்புப் படமானது. மூன்றாம் அங்கத்தில் இந்தக் கடிதக் காட்சி நடக்கும்போது துஷ்யந்தன் மறைந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். ஓவியத்தில் அவனைக் காணோம். அவன் நின்ற இடத்தில் நாம் நிற்கிறோம். காலண்டர் மாட்டிய ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துஷ்யந்தன் புதருக்குப் பின்னால் நின்றிருக்கிறான் என்று நான் சொன்னதற்கு மச்சினன் சிரித்தான். எனக்கு அது அவ்வளவு சிரிப்பாகப் படவில்லை.

ஷேக்ஸ்பியரின் ஒஃபீலியாவுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். 'ஹாம்லெட்' நாடகத்தில் அவள் மூழ்குவது மேடையில் நடப்பதில்லை, அரசி வந்து சொல்கிறாள், அவ்வளவே. ஜான் மில்லே 1852இல் அந்தச் சாவைக் கண்முன் கொண்டுவந்தார்: பூக்கள் மிதக்க, வாய் சற்றே திறந்து, ஓடையில் மல்லாந்து கிடக்கும் பெண். அதற்கு மாடலாக எலிசபெத் சிடல் குளியல் தொட்டித் தண்ணீரில் கிடந்தாள். தொட்டிக்கு அடியில் சூடேற்ற வைத்த விளக்குகள் அணைந்துபோக, குளிர் தாக்கிப் படுத்த படுக்கையானாள். லண்டன் டேட் கூடத்தில் அந்தப் படத்துக்கு முன்னால் இன்றும் கூட்டம் நிற்கிறது.

துயரநாயகி என்றால் ஓவியர்களுக்கு ஒன்று காயப்படும் முன்பு வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு மூச்சு நின்ற பிறகு வேண்டும். நடுவில் அவள் வாய் திறந்து பேசுகிற நேரம் தூரிகைக்கு அவ்வளவாக ஆவதில்லை. சகுந்தலை பேசுவது ஐந்தாம் அங்கத்தில். வயிற்றில் பிள்ளையோடு அரசவைக்கு வருகிறாள், மோதிரம் இருந்த விரலைத் தொட்டால் மோதிரம் இல்லை, பெண்களுக்குப் பிறவியிலேயே வஞ்சகம் உண்டு என்கிறான் ராஜா. அப்போது நாணம் கோபமாகி, சபையிலேயே அவனைக் கீழ்மகன் என்கிறாள். மகாபாரதத்துச் சகுந்தலை இன்னும் கடுமையானவள். அங்கே ராஜாவை மறக்க வைக்கும் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. தெரிந்துகொண்டே தெரியாது என்கிறவனோடு நின்று வாதாடுகிறாள். ரவி வர்மா காளிதாசன் நாடகத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தவர், துகிலுரியப்படும் திரௌபதியை வரைந்தவர். ஆனால் சகுந்தலை என்றதும் நமக்கு நினைவில் நிற்பது கடிதமும் முள்ளும்தான். பழியை முழுக்க அவர்மேல் போடவும் முடியாது. முள் எடுக்கிற சகுந்தலைக்குச் சுவரில் இடம் கொடுத்தவர்கள், கத்துகிற சகுந்தலையைக் கூடத்தில் மாட்டியிருப்பார்களா என்ன?

ரயிலில் திரும்பும்போது, பாரீஸில் ரோதானிடம் பயின்ற காமில் கிளோதெல் 1888இல் செய்து காட்டிய சகுந்தலைச் சிற்பத்தை போனில் எடுத்து மச்சினனிடம் நீட்டினேன். கடைசி அங்கம். துஷ்யந்தன் மண்டியிட்டு அவளைத் தழுவி அண்ணாந்திருக்கிறான், அவள் துவண்டு அவன்மேல் சாய்கிறாள். இருவர் உடம்பிலும் துணி என்று சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்க்க, மச்சினன் போனைக் கையால் மறைத்தபடி கேட்டான்: "இதைச் செஞ்சது பொம்பளைங்களா மாமா?"

ஆமாம் என்றேன். "அதானே, ஆம்பளைய மண்டி போட வச்சிருக்குது" என்றான்.