சாக்கை எடுக்கச் சொன்னவன் நான்

குற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக் கார் ஷெட்டில் லேத் ஓட்டிய டர்னர் ஒருவரின் வலது மணிக்கட்டு முறிந்தது. அதற்குக் காரணம் நான் போட்ட தரை. அவர் விழுந்த பிறகு பழியை அவர் காலில் கிடந்த செருப்பின்மேல் போட்டேன். தரை விஷயத்தில் தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க முடியாது. எடுத்துச் சொன்னவர்கள் இருந்தார்கள். செருப்பு விஷயம் முழுப் பொய்.

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் வீட்டின் முன்பக்கத்திலேயே ஒரு லேத்தைப் போட்டு, பம்ப்செட் உதிரிபாகங்களை ஜாப் ஒர்க்காகச் செய்துகொடுப்பது பழைய வழக்கம். என் அப்பாவும் அப்படி ஒரு பட்டறை வைத்திருந்தவர்தான். கரி பிடித்த சிமெண்ட் தரை, மூலையில் இரும்புச் சுருள், எந்நேரமும் எண்ணெய் வாடை. பள்ளிக்கூட நண்பர்களை நான் அந்தப் பக்கம் கூட்டிப் போனதே இல்லை. அப்பாவின் நகக்கண்ணில் இருந்த கறுப்பு எனக்கு வெட்கமாக இருந்தது. இதைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுதினால் பாதி உண்மைதான் உங்களுக்குக் கிடைக்கும்.

நான் படித்து, வேறு வேலைக்குப் போய், சொந்தமாக வீடு கட்டினேன். கார் ஷெட்டில் ஒரு பழைய ஆறடி லேத்தை வாங்கிப் போட ஆசைப்பட்டேன். பட்டறை வேண்டும். ஆனால் பார்த்தால் பட்டறை என்று தெரியக் கூடாது. என் ஆசையில் இருந்த கோணல் இதுதான்.

கொத்தனார் சொன்னார்: "சிமெண்ட் தரையே போட்டுரலாங்க. நாலு அங்குலம் கான்கிரீட், மேல அயர்னைட் தூவி, மட்டப்பலகையில தேச்சு உட்டுட்டா சொரசொரன்னு நிக்கும். இரும்பு உழுந்தாலும் பேராதுங்க." அயர்னைட் என்பது இரும்புத் துகள் கலந்த தூள். ஈரக் கான்கிரீட்டின்மேல் தூவித் தேய்த்தால் மேல்பரப்பு இறுகும். அது பிடிக்கவில்லையென்றால் வாகனம் நிறுத்தும் இடத்துக்கென்றே வருகிற, மேடு பள்ளம் உள்ள பார்க்கிங் டைல்ஸ் போடலாம் என்றார்.

டர்னர் எனக்கு அண்ணன் வயது. பம்ப் தண்டுகளைக் கடைந்தே கை பழகியவர். அவரும் சொன்னார்: "நின்னு வேலை பாக்கறது நாங்க தம்பி. கால் புடிக்கற தரையா போடுங்க."

இரண்டையும் கேட்டேன். தலையாட்டினேன். நேராக டைல்ஸ் கடைக்குப் போனேன்.

இரண்டுக்கு இரண்டு அடி அளவில், தந்த நிறத்தில், முகம் தெரிகிற மெருகோடு விட்ரிஃபைடு டைல்ஸ் ஒன்றைப் பார்த்தேன். விற்பனையாளர் அதன்மேல் மை கொட்டித் துணியால் துடைத்துக் காட்டினார். தடமே இல்லை. "எண்ணெய் உறியாது சார்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. எண்ணெயும் உள்ளே போகாது. உள்ளே போகாத எண்ணெய் எங்கே இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. மேலேயேதான் இருக்கும். காலுக்கும் தரைக்கும் நடுவில் மெல்லிய படலமாக நிற்கும். அப்பாவின் தரை எண்ணெயைக் குடித்துக் கறுத்தது. அதனால்தான் அங்கே கால் நின்றது. அந்தத் தரையில் யாரும் வழுக்கி விழுந்து நான் பார்த்ததில்லை. எந்தக் குணத்தைப் பார்த்துக் காசு கொடுத்தேனோ, அந்தக் குணம்தான் ஒருவரைக் கீழே தள்ளியது.

வழுக்கலை அளப்பதற்கென்றே ஒரு முறை இருப்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். ஜெர்மனியில் வகுத்தது. தரைப்பலகையின்மேல் எண்ணெய் ஊற்றி, பாதுகாப்பு பூட்ஸ் போட்ட ஒருவரை நடக்கவிட்டு, பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கிறார்கள். எத்தனை பாகையில் கால் நழுவுகிறதோ அதை வைத்து ஆர்9 முதல் ஆர்13 வரை தரம் பிரிக்கிறார்கள். ஆர்9 என்றால் 6 முதல் 10 பாகை. ஆர்13 என்றால் 35 பாகைக்கு மேல். எண்ணெய் சிந்துகிற இடத்துக்கு மேல்பக்கத் தரங்களைத்தான் பார்க்க வேண்டும். நான் வாங்கிய பெட்டியில் இதெல்லாம் அச்சாகியிருந்ததா என்று பார்க்கவே இல்லை. எல்லாப் பெட்டியிலும் ஷேடு நம்பர் ஒன்றுதானா என்று மட்டும் சரிபார்த்தேன்.

ஆயுத பூஜைக்குள் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தினேன். கலவையை முழுதாகப் பரப்பாமல் புள்ளி புள்ளியாக வைத்து ஒட்டினார்கள். தட்டினால் ஓரங்களில் டொக்கு டொக்கென்று சத்தம் வந்தது. லேத்தின் பாரம் முழுவதும் அதன் கால்களின் வழியாகச் சிறிய இடத்தில் இறங்குகிறது. அடியில் வெற்றிடம் இருந்தால் டைல்ஸ் தாங்காது. ஒரு கால் அருகே விரைவிலேயே விரிசல் விட்டது. அதன்மேல் ஒரு டிரேயை நகர்த்தி வைத்து மறைத்தேன். அந்தத் தரை பட்டறைக்கு ஆகாது என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

டர்னர் தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டார். லேத்துக்கு முன்னால் இரண்டு கோணிச் சாக்குகளை விரித்தார். அவற்றின்மேல் மரத்தூளைத் தூவினார். கடைசல் வேலையில் கூலன்ட் தெறிக்கும். ஒரு பங்கு எண்ணெய்க்கு இருபது பங்கு தண்ணீர் என்கிற அளவில் கலந்த வெள்ளைத் திரவம் அது. பெரும்பகுதி தண்ணீர்தான், ஆனால் காலடியில் எண்ணெயின் வேலையைச் செய்யும். சாக்கும் தூளும் அதை உறிஞ்சின. சாயங்காலம் கூட்டி அள்ளிவிட்டு மறுநாள் புதிதாகத் தூவுவார். அவர் நின்ற இடத்தில் நான் போட்ட தரையை அவர் ஒருநாளும் மிதிக்கவில்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. அத்தனை பணம் போட்டு இழைத்த தரையின்மேல் அழுக்குச் சாக்கு. ஆயுத பூஜைக்கு ஷெட்டைக் கழுவியபோது சாக்குகளைச் சுருட்டி வெளியே போடச் சொன்னேன். லேத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். உறவினர்கள் வந்தார்கள். பொரி கடலை தின்றுகொண்டே, ஷோரூம் மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்குக் காது குளிர்ந்தது.

பூஜை முடிந்து வேலை தொடங்கிய அன்று அவர் சாக்கைத் தேடினார். நான் சொன்னேன்: "இனிமே சாக்கு வேண்டாங்கண்ணா. அப்பப்பத் துணியில துடைச்சுக்கலாம்." அவர் என்னைப் பார்த்தார். "சரிங்க தம்பி" என்றார். சம்பளம் கொடுக்கிறவன் சொன்னால் அவர் வேறென்ன சொல்வார்? வெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு டர்னர் இயந்திரத்தை விட்டுவிட்டுக் குனிந்து தரை துடைக்க முடியாது. லேத் பட்டறையில் வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும்.

அவர் விழுந்தது ஒரு அவசர ஆர்டரின் நடுவில். கடைந்த தண்டை, அதைப் பிடித்திருந்த சக்கிலிருந்து கழற்றி, அளந்து பார்க்கத் திரும்பினார். வலது கால் போயிற்று. வலது கையை ஊன்றினார். மணிக்கட்டு அந்தப் பாரத்தை வாங்கியது. தண்டு கையிலிருந்து நழுவித் தரையில் மோதியது. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்து நடந்ததைத்தான் எழுதத் தயங்கினேன். நான் முதலில் அவரைப் பார்க்கவில்லை. தண்டு விழுந்த இடத்தைப் பார்த்தேன். "டைல்ஸ் உடைஞ்சுருச்சா?" என்று கேட்டேன். வாய்விட்டுக் கேட்டேன். அவர் தரையில் உட்கார்ந்து, இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு, "இல்லீங்க தம்பி, ஓரந்தான் போயிருக்குது" என்று பதில் சொன்னார். அதற்குப் பிறகுதான் நான் அவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு வளைந்திருந்தது.

மருத்துவமனையில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். அவர் மனைவியும் மகனும் வந்து நின்றார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. போலீஸ் கேஸ் ஆகுமோ, இழப்பீடு கேட்பார்களோ, வீட்டில் பட்டறை வைத்ததே பிரச்சினையாகுமோ என்றெல்லாம் மனம் ஓடியது. நான் சொன்னேன்: "ரப்பர் செருப்பு போட்டு நின்னாருங்க. ஷூ போடுங்கன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன்."

ஒரு தடவைகூட நான் அப்படிச் சொன்னதில்லை. ஷூ வாங்கிக் கொடுத்ததும் இல்லை. அவர் எந்தச் செருப்போடு நின்றார் என்பதையே அன்றுதான் கவனித்தேன். அவர் அங்கேயேதான் படுத்திருந்தார். மறுக்கவில்லை. அவர் மகன் அப்பாவைக் கோபத்தோடு பார்த்தான். அந்தக் கோபம் என்மேல் வந்திருக்க வேண்டியது. அதை அவர் பக்கம் திருப்பிவிட்டு நிம்மதியானேன்.

அந்தப் பொய்யின் எடை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டப்படி, மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் ஒரே ஒருவர் வேலை பார்த்தாலும், வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி பொறுப்பு. வேலைக்கு வர முடியாத காலத்துக்கு மாதச் சம்பளத்தில் கால் பங்கை அரை மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். சம்பாதிக்கும் திறன் நிரந்தரமாகக் குறைந்தால் அதற்குத் தனிக் கணக்கு. முதலாளி தப்பிக்கச் சில வழிகளும் அதில் இருந்தன. பாதுகாப்புக்காக வெளிப்படையாகச் சொன்ன உத்தரவைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறியது அவற்றில் ஒன்று. சட்டத்தைப் படிக்காமலேயே, பயம் என்னைச் சரியாக அந்தக் கதவின்முன் கொண்டுபோய் நிறுத்தியது.

மருத்துவச் செலவை நான் கட்டினேன். அதை எல்லோரும் தாராளம் என்றார்கள். நான் மறுக்கவில்லை. அவர் வேலையில்லாமல் இருந்த காலத்துச் சம்பளத்தைக் கொடுக்கவில்லை. அவர் மனைவி நகையை அடகு வைத்தார் என்பதை வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். எலும்பு சற்று வளைந்தே கூடிற்று. சக் சாவியைப் போட்டு இறுக்கும் பலம் அந்தக் கைக்குத் திரும்பவில்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை மைக்ரோமீட்டரில் தொட்டு உணர்ந்த கை அது. இப்போது ஒரு மில் வாசலில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார்.

அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? உடனே வரவில்லை. டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, கண்ணாடி மாதிரி எபாக்சி பூசலாம் என்று ஆள் கூப்பிட்டேன். வந்தவர் 18 அங்குலச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விட்டுவைக்கச் சொன்னார். பிரித்தபோது அடியில் நீர்த்துளி கோத்திருந்தது. கீழிருந்து ஈரம் ஏறுகிற தரையில் எபாக்சி நிற்காது, உரிந்துவிடும் என்றார். ஈரம் இல்லாத தரையானாலும் குவார்ட்ஸ் மணல் தூவித்தான் பட்டறைக்குப் போட வேண்டும், வழவழப்பாகப் போட்டால் எண்ணெயில் வழுக்கும் என்றும் சொன்னார். அப்போதும் நான் பளபளப்பைத் தேடித்தான் போயிருந்தேன் என்பது அவர் சொன்ன பிறகே எனக்கு உறைத்தது.

கடைசியில் கொத்தனார் முதலில் சொன்ன தரையையே போட்டேன். அடியில் பாலிதீன் விரித்து, மேலே கான்கிரீட், அயர்னைட், மட்டப்பலகைத் தேய்ப்பு. லேத் நிற்கிற இடம் கெட்டியான கான்கிரீட்டில் தனியாக. ஆள் நிற்கிற இடத்தில் இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டப் பலகை. கூலன்டும் சுருளும் இடைவெளியில் கீழே இறங்கிவிடும், கால் மரத்தின்மேல் நிற்கும். ரப்பர் விரிப்பில் சூடான சுருள் விழுந்தால் பொசுங்கிக் குத்தி நிற்கும், மரமே மேல். டைல்ஸுக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகவே செலவானது. எழுதும்போது எனக்கே கசக்கிறது.

பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். நெடுநாள் தள்ளிப்போட்டு, போனேன். மகனை வைத்துக்கொண்டே சொன்னேன். சாக்கை எடுக்கச் சொன்னது நான், ஷூ போடச் சொன்னதே இல்லை, மருத்துவமனையில் சொன்னது பொய் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "இல்லீங்க தம்பி, செருப்போட நின்னது என் தப்புத்தானுங்களே" என்றார்.

மரியாதைக்குச் சொல்லவில்லை. அப்படியே நம்பியிருந்தார். ஆயுசெல்லாம் இயந்திரத்தின் முன்னால் கவனமாக நின்ற ஒருவர், தன் கவனக்குறைவால்தான் கை போயிற்று என்று மனைவியிடமும் மகனிடமும் தலைகுனிந்து வாழ்ந்திருக்கிறார். மணிக்கட்டை முறித்தது தரை. அந்த எண்ணத்தை அவருக்குள் வைத்தவன் நான். இரண்டில் எது பெரிய கேடு என்று கேட்டால், இரண்டாவது என்பேன்.

மகன் மட்டும் கேட்டான்: "இதை எழுதித் தருவீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அதில் செருப்பைப் பற்றிய பொய்யும், சாக்கைப் பற்றிய உத்தரவும், நான் கொடுக்காமல் விட்ட சம்பளமும் இருக்கின்றன. அந்தச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டேன். கையின் பலத்துக்கு உண்டான தொகையைத் தவணையாகக் கொடுத்துவருகிறேன். அந்தத் தாளை எந்த அலுவலகத்தில் வேண்டுமானாலும் காட்டலாம், நான் மறுக்க மாட்டேன் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். இதைப் படிக்கிற உங்களிடமும் அதையே சொல்கிறேன்.