ஜீனோவும் வந்திக் கிழவியும்

ரெண்டாம் பாகத்தை முதலில் படித்த அனுபவம் உண்டா உங்களுக்கு? எனக்கு உண்டு. எட்டாம் வகுப்பில், நூலகத்தின் சுஜாதா அடுக்கில் 'மீண்டும் ஜீனோ' மட்டும்தான் இருந்தது. முதல் பாகமான 'என் இனிய இயந்திரா'வை எந்தப் புண்ணியவானோ எடுத்துப் போய்த் திருப்பித் தரவே இல்லை. (அண்ணே, எங்கிருந்தாலும் நல்லா இருங்க.) ஒரு இயந்திர நாய் பேசுது, புத்தகம் படிக்குது, மனுசனை விட நக்கலாகப் பதில் சொல்லுது. ஆனால் அது யார் வீட்டு நாய், நிலா எப்படி ஆட்சிக்கு வந்தாள், ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமலேயே மூன்று தடவை படித்தேன்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். ஒரே புத்தகத்தில் முடிகிற கதை என்றால் இப்போதும் எனக்கு அரைமனசுதான். பாகம் பாகமாகப் போக வேண்டும். ஹாரி பாட்டர் ஏழு பாகத்தையும் அண்ணன் ஒருத்தரிடம் ஓசி வாங்கி, அகராதியும் கையுமாக முடித்தேன். ஜார்ஜ் மார்ட்டினின் ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது. ஆறாவதுக்குக் காத்திருந்தவர்கள் விட்ட பெருமூச்சில் நம்ம வைகையே வற்றியிருக்கும். ஹூம்!

கல்லூரியில் ஒரு நண்பன் கேட்டான். "திருவாதவூரா? மேலூர்ப் பக்கம்தானே? உங்க ஊர்ல இதெல்லாம் கூடப் படிப்பாய்ங்களா?" அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் பதில் தோன்றியது. (எனக்கு எப்பவுமே அப்படித்தான்.) அடேய், எங்க ஊர் ஆளை வைத்து ஒரு தொடரே இருக்குடா!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். மாணிக்கவாசகர் பிறந்தது எங்க ஊரில். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் மூன்று காண்டம், அறுபத்து நாலு படலம். இந்தக் காலத்துக் கணக்கில் முப்பாகத் தொடர். அதில் 58 முதல் 61 வரை நாலு படலம் எங்க வாதவூரார் சம்பந்தப்பட்டவை. அப்பத்தா இதை ஒரே நாளில் சொல்லவே சொல்லாது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தை அமைச்சர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார், ராஜா கேட்டால் என்ன சொல்வார் என்ற இடத்தில் "போய்ப் படு" என்று நிறுத்திவிடும். மறுநாள் நரியெல்லாம் குதிரையாகி மதுரைக்கு வந்துவிடும். அப்பாடா என்று இருக்கும்போது, அன்று ராத்திரியே எல்லாம் மறுபடி நரியாகி லாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறும். தொடரும்! எந்த எழுத்தாளனும் இதற்கு மேல் ஒரு பாகத்தை முடிக்க முடியாது.

ஆனால் எட்டாம் வகுப்பு மேதைக்கு அது 'சாமி கதை'. ஜீனோ என்றால் விஞ்ஞானம். நரி பரியானால் கட்டுக்கதை, நாய் தத்துவம் பேசினால் மட்டும் எதிர்காலமாம்!

முதல் பாகம் பிற்பாடு தமுக்கம் மைதானப் புத்தகத் திருவிழாவில் கிடைத்தது. சஸ்பென்ஸ் பாதி ஏற்கனவே ஊத்திக்கிச்சு, அது வேறு விஷயம். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை, ஆனால் நடப்பதோ 2021, 22இல். நான் அதை மறுபடி எடுத்தது நிஜமான 2021இல், கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்தபோது. அப்பத்தாவுக்குக் கண் மங்கிவிட்டது, டிவி சீரியலும் சலித்துவிட்டது. "என்னத்தடா மொனங்குற, சத்தமாப் படி" என்றது. படித்தேன்.

எல்லாருக்கும் ரெண்டெழுத்துப் பேர்தான் என்றதும் அப்பத்தாவுக்கு ஒரே சிரிப்பு. நிலா, சிபி, ரவி, மனோ... "அப்ப என் பேர வெட்டிருவாய்ங்களா?" பிள்ளை பெறவே அனுமதி வாங்க வேண்டும் என்றபோது முகத்தைச் சுளித்தது. அடுத்து, அந்த நாட்டில் வயதானவர்களை அரசாங்கமே முடித்துவிடும் என்ற இடம் வந்தது. நான் பாட்டுக்கு ரெண்டு பக்கம் தாண்டிப் படிக்க ஆரம்பித்தேன்.

"டேய், நில்லு. அந்த ஊர்ல கெழவிகள என்ன பண்ணுவாய்ங்க?"

வெளியே ஊரடங்கு. தினமும் செய்தியில் முதியவர்கள் கணக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. "பென்ஷன் குடுப்பாங்க அப்பத்தா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அதுவாகவே வந்திக் கிழவி கதையை எடுத்தது. வைகை உடைத்துக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கரையடைக்க வேண்டும் என்று ராஜா உத்தரவு. பிட்டு விற்றுப் பிழைக்கிற வந்திக்கு நாதியில்லை. "ஆளில்லாத வீட்டுக்கும் பங்கு அளந்து போட்டாம் பாரு, அவெனும் ராசாதேன்" என்றது அப்பத்தா. நூறு தடவை கேட்ட கதை. சாமி கூலியாளாக வந்தது, உதிர்ந்த பிட்டுக்கு மண் சுமந்தது, பிரம்படி வாங்கியது எல்லாம் எனக்கு மனப்பாடம். வந்தியின் வாசலில் உத்தரவு வந்து நின்ற அந்த நிமிசத்தை மட்டும் நான் அதுவரை யோசித்ததே இல்லை. நிலா வீட்டு வாசலிலும் அதே உத்தரவுதானே! எழுதிய காலம்தான் வேறு.

இப்போதும் ஆவணி மூலத்துக்கு மாணிக்கவாசகர் எங்க ஊரிலிருந்து மதுரைக்குக் கிளம்பும்போது கூட்டத்தில் நிற்கிறேன். ஆனால் எனக்கு ஞாபகம் வருவது வந்தியும் ஜீனோவும்தான். பக்தர்கள் மன்னிக்கவும்.

அன்றைக்குக் கதையை முடித்துவிட்டு அப்பத்தா வெற்றிலையை மடித்து வாயில் போட்டது. "பொய் சொல்லாமப் படி. கெழவிகளக் கொன்னுருவாய்ங்கன்னு எனக்கும் தெரியும். அந்த நாய் வந்து என்ன பண்ணுச்சு, அதச் சொல்லு."

தாண்டிய ரெண்டு பக்கத்துக்குத் திரும்பிப் போனேன்.