ஸ்டாண்டில் நிற்காத சைக்கிள்

அன்புள்ள மிக்கேல் டூடோக் த விட் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை உங்களால் படிக்க முடியாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உங்கள் படத்தில் ஒரு வார்த்தைகூடப் பேச்சு இல்லை. இருந்தும் காவிரிக்கரையில் ஒரு வீட்டில் மூன்று பேருக்கு அது புரிந்தது. அந்தத் தைரியம்தான்.

'அப்பாவும் மகளும்' நீங்கள் 2000-இல் முடித்த படம். மறு வருஷமே ஆஸ்கர் வாங்கியது. ஒன்பது நிமிடம்கூட ஓடாத அந்தப் படம் குளித்தலைக்கு வந்து சேர இத்தனை வருஷம் ஆகிவிட்டது. போன மே மாதம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி வீடு என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. அவன் போய் இரண்டு வருஷம். வீட்டில் அவன் மனைவியும் ஒன்பது வயது மகளும் இருக்கிறார்கள். அதுவரை பிள்ளையிடம் அப்பாவைப் பற்றி யாரும் பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை. அன்றைக்கு எடுத்துப்போகும் நேரத்தில் அவளை எதிர்வீட்டில் உட்காரவைத்து டிவி போட்டுக் கொடுத்தது நான்தான். அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவளுக்குக் காட்ட ஏதாவது படம் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கான படங்களில் சாவுக்குப் பஞ்சமே இல்லை. தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அம்மாவோ அப்பாவோ போய்விடுவார்கள். பிறகு ஒரு பாட்டு, பேசும் மிருகம் ஒன்று, ஒரு பயணம். இழப்பு என்பது சாகசத்துக்குக் கிளம்ப வாங்கும் டிக்கெட் மாதிரி. எங்கள் வீட்டுப் பிள்ளை எந்தச் சாகசத்துக்கும் கிளம்பவில்லை. காலையில் பள்ளிக்கூடம் போய் சாயங்காலம் திரும்பி வந்தாள், அவ்வளவுதான்.

உங்கள் படத்துப் பெண்ணும் அதைத்தான் செய்கிறாள். அப்பாவும் அவளும் ஆளுக்கொரு சைக்கிளில் கரைக்கு வருகிறார்கள். அவர் விடைபெற்றுக் கீழே இறங்கிப் படகு வரை போய்விட்டு, மனசு கேட்காமல் மேலே ஓடிவந்து இன்னொரு தடவை அவளைத் தூக்கிக் கட்டிக்கொள்கிறார். அப்புறம் துடுப்புப் போட்டுக்கொண்டு போனவர் போனவர்தான். எங்கே, எதற்கு என்று எதுவும் கிடையாது. அவள் வருகிறாள், நிற்கிறாள், பார்க்கிறாள், திரும்புகிறாள். மழையிலும் எதிர்க்காற்றிலும் வருகிறாள். தோழிகளோடு, காதலனோடு, பிறகு தன் பிள்ளைகளோடு வருகிறாள். பென்சிலும் கரியும் கொண்டு வரைந்த அந்த ஆட்களுக்கு முகம் தெளிவாகத் தெரிவதே இல்லை. பெடல் மிதிக்கும் வேகத்தை வைத்தே வயசைச் சொல்லிவிடுகிறீர்கள். அப்பா நினைப்பு ஒருத்தி வாழ்க்கைக்குக் குறுக்கே வராமல், அந்த வாழ்க்கைக்குள்ளேயே ஒரு கரை மாதிரி இருந்துகொண்டிருக்கும் என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறீர்கள்! பின்னால் ஓடும் இசையை அமைத்த நார்மன் ரோஜேவுக்கும் நன்றி. அவர் எடுத்தாண்டிருப்பது 1880-இல் ருமேனியாக்காரர் இவனோவிச்சி எழுதிய 'டான்யூப் அலைகள்'. சுழன்று சுழன்று வரும் வால்ட்ஸ் மெட்டு, சக்கரத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது.

லேப்டாப்பை முற்றத்தில் வைத்துப் போட்டேன். தம்பி மனைவி அடுப்படியில் இருந்தாள். படம் முடியும் கட்டம் வரை பிள்ளை வாயே திறக்கவில்லை.

கடைசியில் கிழவியாகிவிட்ட அந்தப் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து ஸ்டாண்ட் போடுகிறாள். அது விழுகிறது. நிமிர்த்தி வைக்கிறாள், திரும்பவும் விழுகிறது. பிள்ளை களுக்கென்று சிரித்துவிட்டாள். "ஸ்டாண்டு ஸ்பிரிங் போயிடுச்சு அத்தை, நம்ம சைக்கிள் மாதிரி."

தம்பியின் சைக்கிளைச் சொன்னாள். பார் வைத்த பழைய சைக்கிள், திண்ணை ஓரம் சுவரில் சாத்தி, மேலே பழைய வேட்டியைப் போர்த்தி வைத்திருந்தோம். அதன் ஸ்டாண்ட் ஸ்பிரிங் போய்விட்டது எனக்குத் தெரியாது. அவளுக்கு எப்படித் தெரியும்? யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்த்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்.

அதற்குள் படத்தில் தண்ணீர் வற்றிவிட்டது. அப்பா படகில் போன இடமெல்லாம் தரையும் புல்லுமாகக் கிடக்கிறது. கிழவி சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு அதற்குள் இறங்கி நடக்கிறாள். இது கனவா, சாவா என்று குழம்புவாளே, விளக்க வேண்டியிருக்குமே என்று நான் தயாரானேன். பிள்ளைக்கு ஒரு குழப்பமும் இல்லை. "மேட்டூர் இன்னும் திறக்கல போல" என்றாள்.

சிரிக்காதீர்கள். மே மாதத்தில் எங்கள் ஊர் ஆறு அப்படித்தான் இருக்கும், கண்ணுக்கெட்டிய தூரம் மணல். படம் முடிந்தபின் உங்கள் ஊரைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது அப்படியொன்றும் தப்பில்லை. நெதர்லாந்தில் கால்வாசி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறதாமே. 1932-இல் 32 கிலோமீட்டருக்கு ஓர் அணை கட்டி முடித்து ஒரு வளைகுடாவையே கடலிலிருந்து பிரித்து, அப்புறம் பகுதி பகுதியாக வரப்புக் கட்டி நீரை இறைத்து, கடலடியை வயலும் ஊருமாக்கியிருக்கிறீர்கள். அந்த மண்ணில் பழைய கப்பல்கள் நூற்றுக்கணக்கில் அகப்பட்டிருக்கின்றன. கிழவி புல்லுக்குள் நடந்துபோய்க் கண்டெடுக்கும் அந்த மண்மூடிய படகு உங்கள் ஊரில் உழவர்கள் கண்ட காட்சி. நான்தான் அதை வெறும் உருவகம் என்று எண்ணிக்கொண்டு, பாடம் எடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

கட்டோ குனியோ என்ற ஜப்பானியர் 2008-இல் எடுத்த பன்னிரண்டு நிமிடப் படமும் எனக்குப் பிடிக்கும். அதில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும், ஒரு தாத்தா வீட்டின் மேல் வீடாகக் கட்டிக்கொண்டே போவார். புகைபிடிக்கும் குழாய் நீரில் விழுந்துவிட, அதை எடுக்கக் கீழே கீழே மூழ்கித் தன் பழைய நாட்களைப் பார்ப்பார். நல்ல படம். ஆனால் அது வாழ்ந்து முடித்தவர் திரும்பிப் பார்ப்பது, பெரியவர்களின் துக்கம். உங்களுடையது சின்ன வயதிலேயே கரையில் விடப்பட்டவளின் துக்கம். அந்த வயதில் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது?

கிழவி படகுக்குள் சுருண்டு படுக்கிறாள். எழுந்து ஓடுகிறாள். ஓட ஓட வயது குறைகிறது. அங்கே அப்பா நிற்கிறார். படம் முடிந்தது. பிள்ளை, "முதல்லேர்ந்து போடு அத்தை" என்றாள். போட்டேன். அப்பா திரும்ப மேலே ஓடிவந்து மகளைத் தூக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"அவங்கப்பா திரும்பி வந்து தூக்கினாரு. எங்கப்பா என்னை எழுப்பவே இல்ல."

தம்பியை ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக இதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்ற அவள் அம்மாதான் சொன்னாள்: "வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாருடி. உன் போர்வை விலகிக் கிடந்துச்சு, இழுத்து விட்டுட்டுத்தான் வண்டில ஏறினாரு."

அது நடந்ததா, அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியதா, நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அன்று ராத்திரி வெகுநேரம் மூன்று பேரும் தம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவனுக்குப் பிடிக்காத பாகற்காய் வரைக்கும் பேசினோம். தொண்டையடைக்க அழுததும் உண்டு, அவன் குறட்டையை நினைத்துச் சிரித்ததும் உண்டு.

உங்கள் படத்தைப் பார்த்துத்தான் 2006-இல் டோக்கியோவிலிருந்து ஜிப்லி ஸ்டுடியோக்காரர்கள் உங்களுக்கு எழுதினார்கள், அதிலிருந்துதான் 2016-இல் 'சிவப்பு ஆமை' வந்தது என்று படித்தேன். அவர்கள் உங்களிடம் முழுநீளப் படம் கேட்டார்கள். நான் எதுவும் கேட்க எழுதவில்லை. அந்த அப்பாவை ஒரு தடவை திரும்ப ஓடிவர வைத்தீர்களே, கதைக்கு அது இல்லாமலும் முடிந்திருக்கும். அதற்காகத்தான் இவ்வளவும்.

மறுநாள் வேட்டியை எடுத்துவிட்டுச் சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஸ்பிரிங் மாற்ற நாற்பது ரூபாய் ஆயிற்று. சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குக் கால் எட்டாது. பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல்தான். பின் டயரில் மட்டும் காற்று நிற்கவில்லை. டியூப் மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர்.

இப்படிக்கு,
ஓர் அத்தை
குளித்தலை