ஏரிக்கரைக் கணக்கு நோட்டு
(விக்டோரியா ஏரியைச் சுற்றி – 5)

சென்ற வாரம் கென்யாவின் கெரிச்சோ தேயிலை மலையில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து மட்டாட்டு வேன் மேற்கே இறங்க இறங்கக் காற்றே மாறிவிடுகிறது. மலைக்குளிர் விலகி, கரும்புக் காட்டு வெக்கை முகத்தில் அடிக்கிறது. சமவெளி முடியும் இடத்தில் கிசுமு நகரம், அதற்கப்பால் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். மொம்பாசாத் துறைமுகத்தில் கிளம்பிய ரயில்பாதை 1901 டிசம்பரில் இங்கேதான் ஏரியைத் தொட்டது. அதைப் போடுவதற்கு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த தொழிலாளர்கள் 30,000 பேருக்கும் மேல், பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்தவர்கள். ஏறக்குறைய 2,500 பேர் வேலையிலேயே மாண்டுபோனார்கள். ஊரின் பழைய கடைத்தெருவில் நடக்கும்போதெல்லாம் அந்த எண்ணிக்கை மனதை அறுக்கிறது.

ரயில் கதையைத் தனியாக எழுதுகிறேன். இந்த வாரம், நான் இங்கே வந்த வேலையைப் பற்றி.

தொண்டு செய்ய ஆப்பிரிக்கா போகிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் கேட்டது, “பள்ளிக்கூடத்திலா, ஆஸ்பத்திரியிலா?” என்றுதான். 1958-ல் பிரிட்டனின் வி.எஸ்.ஓ. தன்னார்வ அமைப்பு பள்ளி முடித்த இளைஞர்களை அனுப்பத் தொடங்கியதும், 1961-ல் கென்னடி பீஸ் கோர் அமைப்பை உண்டாக்கியதும் உலகத்துக்கு அந்தப் படத்தைப் பழக்கிவிட்டன. இன்றைய கிசுமுவில் ஆசிரியை இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், கொத்தனார் இருக்கிறார். அவர்களுக்குக் கொடுக்கச் சம்பளம் இல்லை. அந்தப் பணம் கடல் கடந்து எங்கோ இருக்கிறது. அதை எட்டும் வழி பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் இருக்கிறது. திட்ட முன்மொழிவு என்று அச்சில் எழுதினாலும், களத்தில் இருப்பவர்கள் புரபோசல் என்றுதான் சொல்வோம். 1989-ல் ஐஃபாட் என்ற ஐ.நா. நிதியத்தின் உதவியோடு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கிய தருமபுரியில் தொண்டு நிறுவன வேலை பார்த்தவள் என்பதால் எனக்கு அந்த ஆங்கிலம் கைவந்த ஒன்று. என்னை இங்கே அழைத்ததும் அதற்காகத்தான்.

அழைத்தவர்கள் ஏரிக்கரை மீன் வியாபாரிப் பெண்கள். ஒரு பால்வாடி நடத்துகிறார்கள். ஓமேனா என்ற பொடிமீனை இரவில் விளக்கு வைத்துப் பிடிக்கிறார்கள். படகுகள் விடிவதற்குள் கரைக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் கூடையோடு கரையில் நிற்காதவளுக்கு அன்றைக்கு வியாபாரம் இல்லை. பிள்ளையை யாரிடம் விடுவது? பாட்டியிடம் விடலாம். ஆனால் இங்கே பல பாட்டிகளே கூடை சுமந்து வருகிறார்கள். 2018-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் கென்யா முழுவதும் வயதுவந்தோரில் எச்.ஐ.வி. விகிதம் 4.9 சதவீதம், கிசுமு மாவட்டத்தில் 17.5. மருந்து பரவலாகக் கிடைப்பதற்கு முன்பு ஒரு தலைமுறையே சரிந்தது. மகனையும் மருமகளையும் புதைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளை வளர்த்த கிழவிகள் சேர்ந்து போட்ட தகரக் கொட்டகைதான் இந்தப் பால்வாடி.

ஜபோயா என்று இங்கே ஒரு கொடுமை உண்டு. மீன் குறைந்த காலத்தில் படகுக்காரன் தன்னோடு படுக்கிற பெண்ணுக்கே மீன் கொடுப்பான். நோய் கரையோரம் பரவியதில் இதற்குப் பெரிய பங்கு. நடூரு கரையில் 2011-ல் சில பெண்கள் இதை ஒழிக்க ஒரு வழி கண்டார்கள்: படகு நம்முடையதாக இருந்தால் மீனும் நம்முடையது. பீஸ் கோர் தன்னார்வலர்கள் அந்த யோசனையைக் காகிதத்தில் எழுதிப் பணம் கொண்டுவர உதவினார்கள். பெண்கள் படகுக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள், ஆண்கள் கூலிக்குப் போனார்கள். தன்னார்வலராகப் போகும் ஒவ்வொருவரும் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டுதான் விமானம் ஏற வேண்டும் என்பேன். யோசனை கரையில் பிறந்தது. வந்தவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். அந்த வரிசை மாறக்கூடாது.

வரிசையை மாற்றச் சொல்லும் இழுப்பு நாள்தோறும் வருகிறது. நான் போய்ச் சேர்ந்தது 2025-ன் நடுவில். அந்த ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலை 1-ம் தேதியோடு யு.எஸ்.எய்ட் என்ற அமைப்பே முடிந்துபோனது. ஏரியைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் மருந்து கொடுக்கவும், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கவும் அந்தப் பணத்தில் ஆட்கள் இருந்தார்கள். கென்யா முழுவதும் அப்படிப்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். எங்கள் குழுவின் செயலாளரும் அவர்களில் ஒருவர். மிச்சமிருக்கும் ஃபண்டர்களின் வாசலில் கூட்டம் நெரிகிறது. யார் எதற்குக் கொடுக்கிறார்களோ அதுவே நம் தேவை என்று எழுதிவிடத் தோன்றும். பிள்ளைகளுக்கு டேப்லெட் வழிக் கல்வி என்று ஒரு அறிவிப்பு வந்தது. தொகை பெரியது. குழுவைக் கூட்டி வாசித்துக் காட்டினேன். பொருளாளர் அம்மா கேட்டார்: “மகளே, அதை எங்கே சார்ஜ் போடுவது? கக்கூஸ் கட்ட அதில் இடம் இருக்கிறதா?” இல்லை. விண்ணப்பிக்கவில்லை. நாலு வயதுப் பிள்ளைகள் ஏரிக்கரைப் புதரில் ஒதுங்கும் இடத்தில் டேப்லெட்டுக்கு எழுதுவது, எழுதத் தெரிந்த கைக்கே அவமானம்.

கழிப்பறை, ஒழுகாத கூரை, இரண்டு ஆசிரியைகளுக்குச் சம்பளம். இதற்கு ஐரோப்பிய அறக்கட்டளை ஒன்றின் படிவம் பொருந்தியது. முதலில் காகிதங்கள். குழுவின் பதிவுச் சான்றிதழ், வரி எண், மூன்று பேர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு. 2022-ல் வந்த சமூகக் குழுக்கள் பதிவுச் சட்டம் இந்த மாதிரிக் குழுக்களுக்கானது. பெரிய தொண்டு நிறுவனங்களுக்கு வேறு சட்டம். 2013-ல் நிறைவேறி 2024 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. பத்து வருடத்துக்கும் மேல் காத்திருந்த சட்டம். ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு போடாபோடா பைக்கில் நானும் செயலாளரும் அலைந்ததை விவரிக்கப் போவதில்லை.

படிவத்தில் ‘உள்ளூர்ப் பங்களிப்பு’ என்று ஒரு கட்டம். முந்தைய விண்ணப்பங்களில் அங்கே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள். “எங்களிடம் என்ன இருக்கிறது கொடுக்க?” என்றார் தலைவி. அப்போது பொருளாளர் அம்மா மடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். பென்சிலில் எழுதியது. தாய்மார்கள் நாளுக்கு 20 ஷில்லிங் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு வரவும் தேதியோடு இருந்தது, போனில் உள்ள குறுஞ்செய்தியோடு ஒத்துப்போனது. யார் எத்தனை தகரம் கொடுத்தார், கஞ்சியில் கலக்க யார் எத்தனை படி ஓமேனாப் பொடி கொண்டுவந்தார், தண்ணீர் கேன் சுமந்தது யார், இருட்டில் வந்து அடுப்பு மூட்டும் கிழவி எந்த நாள் வந்தார், எந்த நாள் காய்ச்சலில் படுத்தார் என்பதுவரை அதில் இருந்தது.

சாமா என்ற சீட்டுக் குழுக்களில் வளர்ந்த கை அது. கென்யாவில் இதற்குப் பழைய வேர் உண்டு. 1963-ல் விடுதலை பெற்றதும் ஜோமோ கென்யாட்டா ‘ஹராம்பே’ என்று நாட்டையே அழைத்தார், எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்று. ஊர்ப் பள்ளிகள் எத்தனையோ அப்படி எழுந்தன. இன்றும் மகன் கல்லூரிக் கட்டணத்துக்கு, தாயின் சிகிச்சைக்கு, அடக்கத்துக்கு ஹராம்பே கூட்டுகிறார்கள். நம் மொய் விருந்தில் போலவே ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் வாசிக்கப்படும்.

அந்த நோட்டை நாலு மத்தியானம் உட்கார்ந்து பணமாக மாற்றினோம். சமையல் கிழவியின் நாளுக்கு என்ன கூலி போடுவது என்று வாக்குவாதம். வீட்டுவேலைக்காரப் பெண்ணுக்குக் கொடுக்கும் கூலி போதும் என்றார் செயலாளர். பொருளாளர் அம்மா சம்மதிக்கவில்லை. “கொத்தனாருக்குச் சாந்து எடுத்துக் கொடுக்கிற பையனுக்கு என்ன கூலி? அதைப் போடு. இவள் நெருப்பில் நிற்கிறாள்.” அதையே போட்டோம். கூட்டிப் பார்த்தபோது, நாங்கள் கேட்கப்போகும் தொகைக்கு ஏறக்குறைய சமமாக அவர்கள் ஏற்கெனவே கொடுத்து முடித்திருந்தார்கள். தலைவி நோட்டை வாங்கி இன்னொரு முறை தானே கூட்டினார். கோடு இருந்த கட்டத்தில் அந்த எண் ஏறியது. அந்த நாளுக்குப் பிறகு ‘எங்களிடம் என்ன இருக்கிறது’ என்ற பேச்சு கூட்டத்தில் எழவில்லை.

லாக்ஃப்ரேம் என்றொரு அட்டவணை இல்லாமல் இந்த உலகில் எதுவும் நடக்காது. 1969-ல் யு.எஸ்.எய்டுக்காகவே உருவாக்கியது, பெற்றெடுத்த அமைப்பு போய்விட்டது, பிள்ளை நிற்கிறது. இலக்கு, விளைவு, அளவுகோல், சான்று என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் அனுமானங்கள்: நம் கையில் இல்லாதவை, ஆனால் பொய்த்தால் திட்டம் கெடும். பலர் அங்கே ‘அரசியல் நிலைத்தன்மை’ என்று எழுதிக் கடந்துவிடுவார்கள். நான் அந்தக் கட்டத்தை வாசித்ததும் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஏரி. 2020-ல் ஏரி 1964-க்குப் பிறகு காணாத உயரத்துக்கு ஏறியது. கரையோர வீடுகள் போயின, நடூருப் பெண்களின் படகுகளும் சேதமாயின. பழைய குழிக் கழிப்பறை அப்போது நிரம்பி வழிந்து, கிணற்றுத் தண்ணீரைக் கெடுத்தது. என்னைக் கூட்டிப்போய் ஓர் அத்திமரத்தைக் காட்டினார்கள். என் இடுப்புக்கு மேல் தண்ணீர்த் தடம்.

குழிக் கழிப்பறை என்று முதலில் எழுதியிருந்த வரைவை அங்கேயே மாற்றினோம். தரையிலிருந்து மேடை எழுப்பி, அடைத்த தொட்டி வைத்த கழிப்பறை. செலவு கூடியது. கூடட்டும் என்றார்கள்.

சம்பளம்தான் கடினம். கட்டடத்துக்குக் கொடுப்பவர்கள் அதற்குள் நிற்கும் மனிதருக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். வாடகை, மின்சாரம், கணக்கர் போன்ற நிர்வாகச் செலவுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தன் வெளிநாட்டு உதவி மானியங்களில் 7 சதவீதத்துக்கு மேல் தருவதில்லை; அமெரிக்க அரசு மானியங்களில் 10 சதவீதமாக இருந்த அடிப்படை விகிதம் 2024 அக்டோபரில்தான் 15 ஆனது. இதிலும் பெரிய நிறுவனத்தின் கீழ் துணையாக வேலை செய்யும் கரையோரக் குழுவுக்குப் பல நேரம் எதுவும் வந்து சேர்வதில்லை. ஆசிரியைக்குச் சம்பளம் கேட்டால் ‘நீடித்த தன்மை எங்கே?’ என்பார்கள். எந்த நாட்டில் மூன்று வயதுப் பிள்ளைகளின் பள்ளி தானே சம்பாதித்து நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கேள்வியை ஏழைகளிடம் மட்டும் கேட்பது அநியாயம்.

அறக்கட்டளையிலிருந்து வீடியோ அழைப்பு வந்தபோது நான் திரைக்கு வெளியே உட்கார்ந்தேன். அதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தோம்: நான் போன பிறகும் இந்தக் காகிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் லுவோ மொழியில் வாசித்து, கேள்வி கேட்டு, அடித்துத் திருத்தியிருந்தார்கள். மறுமுனையில் இருந்தவர் கழிப்பறைச் செலவு ஏன் இவ்வளவு அதிகம் என்றார். பொருளாளர் அம்மா அத்திமரத்தைச் சொன்னார், கிணற்றைச் சொன்னார், சிமென்ட் மூட்டை விலையை இரண்டு கடைகளின் பெயரோடு சொன்னார். செயலாளர் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்கு அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

முடிவு மின்னஞ்சலில் வந்தது. கழிப்பறைக்கும் கூரைக்கும் முழுத் தொகை. சம்பளம் முதல் வருடத்துக்கு மட்டும். இரண்டாம் வருடத்துக்கு ஹராம்பே கூட்டுவதென்று அன்று மாலையே தீர்மானம் போட்டார்கள். அடுத்த படிவத்தை, வேறொரு நிதியத்துக்கு, செயலாளர் தானே எழுத ஆரம்பித்துவிட்டார். பட்ஜெட் பக்கத்தை மட்டும் பார்த்துத் தரச் சொல்லியிருக்கிறார்.

அதை முடித்துக் கொடுத்துவிட்டு லுவாண்டா கோட்டியெனோ துறையிலிருந்து ம்பிட்டாவுக்குப் படகேறுகிறேன். அங்கே ருசிங்கா தீவில் கென்ய அரசியல் தலைவர் டாம் ம்போயாவின் சமாதி இருக்கிறது, ஒரு தேனீ வளர்ப்புக் குழுவும் காத்திருக்கிறது. அடுத்த வாரம் அங்கிருந்து.