ஒரு மணித்தியாலச் சாட்சி

கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவனுக்குக் குபர்னெற்றீஸ் என்று பெயர். 2014இல் கூகிள் வெளியே விட்ட மென்பொருளுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். கொன்ரெயினர்களைப் பல கணினிகளில் பகிர்ந்து ஏற்றுவதும், விழுந்ததை எழுப்புவதும் அதன் வேலை. அது என்ன சொல்கிறது என்று காதுகொடுத்துக் கேட்பது என் வேலை. ரொறன்ரோவில் இதைச் செய்கிற தமிழர் பலர் இருக்கிறோம். கலியாண வீட்டில் யாராவது கேட்டால் 'கொம்பியூட்டர் வேலை' என்று முடித்துவிடுவோம்.

சுக்கான்காரன் ஓயாமல் பேசுவான். இதை ஏற்ற இடமில்லை, அது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, இன்னொன்று திரும்பத் திரும்ப விழுகிறது. ஒவ்வொன்றும் ஓர் ஈவென்ற். வழமையான அமைப்பில் ஓர் ஈவென்றுக்கு ஆயுள் ஒரு மணித்தியாலம்தான். இரவு இரண்டு மணிக்கு விழுந்ததைப் பற்றிக் காலை எட்டு மணிக்கு விசாரித்தால் சாட்சி இராது. ஆகவே உடனுக்குடன் எடுத்து வேறிடத்தில் சேர்த்துவைக்க வேண்டும்.

கேட்கத் தொடங்கினால் அடுத்த ஆசை, கேட்டதும் தானாகச் செய்விப்பது. அந்த ஆசை எனக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் ஹெலி இரைச்சல் கேட்டால் யோசிக்க முன்னமே கால் பங்கருக்குள் நிற்கும். அது உயிர் காத்த பழக்கம். ஆனால் பங்கருக்குள் இருந்தபடி வெளியே என்ன நடந்தது என்று சொல்ல முடியாது.

மருந்துக்கடைகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் நான் சேர்ந்தபோது அங்கே ஒரு தானியங்கி ஏற்கெனவே இருந்தது. ஒரு கொன்ரெயினர் பதில் சொல்லாவிட்டால் அது இருந்த பொட்டை அழித்துவிடும். குபர்னெற்றீஸ் புதிதாக ஒன்றை எழுப்பும். புதியதற்குப் புதுப் பெயர், விழுந்த எண்ணிக்கை பூச்சியம். பழையதன் பதிவுகளும் அதோடு போய்விடும். திரையில் எல்லாம் பச்சை. நினைவகம் கசிந்து கசிந்து மூன்று கிழமையாக இது நடந்திருக்கிறது. ஒருவரும் எழும்பவில்லை. ஒவ்வொரு அழிப்பிலும் கையில் இருந்த சில செய்திகள் தொலைந்தன. 'உங்கள் மருந்து முடியப்போகிறது' என்று வயதானவர்களுக்குப் போகவேண்டிய நினைவூட்டல்கள் அவை. ஒரு அம்மா கடைக்கே போய்க் கேட்டபிறகுதான் விசயம் எங்களிடம் வந்தது.

2003 ஓகஸ்ட் 14 பற்றிக் கேட்டால் ஸ்காபரோவில் எல்லோரும் நட்சத்திரம் பார்த்த கதை சொல்வார்கள். எனக்கு முக்கியம் அதற்கு முந்திய கதை. ஒஹாயோவில் ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் சத்தமில்லாமல் நின்றுபோனது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அது நின்றதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. திரை அமைதியாக இருந்ததால் நாடும் அமைதி என்று நம்பினார்கள். பிறகு தானியங்கிக் காப்பு ரிலேக்கள் தம் வேலையைப் பார்த்தன: அதிக சுமையைப் பழுதென்று எடுத்துக்கொண்டு கம்பிகளைத் துண்டித்தன. ஒவ்வொரு துண்டிப்பும் அடுத்த கம்பியில் சுமையை ஏற்றியது. பின்னேரம் 4.10 அளவில் ஒன்ராறியோவும் இருண்டது. சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. காதும் கேட்கவில்லை, கையும் நிற்கவில்லை. இதைவிட மோசமான சோடி கிடையாது.

நாங்கள் தானியங்கியை எடுத்துவிடவில்லை. இரவு முழுக்க மனிதர் காவலிருக்க முடியாது. வரிசையைத்தான் மாற்றினோம். முதலில் பதிவுகளையும் ஈவென்றுகளையும் பிரதி எடுக்கும், கையிலிருக்கும் செய்திகளை வரிசைக்குத் திருப்பி அனுப்பும், பிறகுதான் அழிக்கும். ஒரு மணித்தியாலத்தில் இரண்டு தரம்தான் அனுமதி. மூன்றாவது தரம் தொட்டால் தானாக ஒன்றும் செய்யாது, போன் அடிக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் ஒரு பொய் ஈவென்றையும் நாங்களே அனுப்புகிறோம், கேட்பவன் விழித்திருக்கிறானா என்று பார்க்க.

மார்க்கத்தில் பிறந்து வளர்ந்த தம்பி ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். விதிகளை வாசித்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணா, மூன்றாவது தரத்துக்கு ஆர் எழும்புறது?"

"இந்தக் கிழமை நீர். வாறகிழமை நான்."